பத்தொன்பதாம் விதியின் கடைசி வரி

போன வாரம் கவிதா தொலைபேசியில் அழைத்தாள். மாத்தளையில் எங்கள் கல்லூரியின் பதிவாளர் கந்தோரில் நான் பத்து வருடம் உட்கார்ந்திருந்த ஜன்னலோர நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். மாணவர் நடத்தை விதிகள் அடங்கிய கைநூலைத் திரும்ப அச்சடிக்கப் போகிறார்களாம். பக்கங்களைக் குறைக்க வேண்டுமாம்.

“அக்கா, பத்தொன்பதாம் விதியில கடைசி வரி ஒண்ணு கெடக்கு. எங்க யாருக்கும் வெளங்கல. எடுத்துடவா?” என்று கேட்டாள்.

பத்தொன்பதாம் விதி, பிறர் எழுதியதைத் தன்னுடையது என்று ஒப்படைப்பது பற்றியது. அதன் கடைசி வரி இது: ‘உதவி பெற்றவர், உதவியவரின் பெயரையும் உதவியையும் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும்; பிள்ளையை வைத்திருந்ததும் உதவியே.’

விளங்காததில் வியப்பில்லை. பரீட்சை மோசடிகளுக்கு நடுவில் திடீரென்று ஒரு பிள்ளை வந்து நிற்கிறது. நான் விளக்கத் தொடங்குவதற்குள் என் சின்னவன் தொலைபேசி வயரை வாயில் போட்டுக்கொண்டான். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு, எழுதுவதாக ஏன் ஒப்புக்கொண்டேன் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அனுபவக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஓய்வூதியமும் மூக்குக் கண்ணாடியும் உள்ளவர்கள். எனக்கு முப்பத்தாறு வயது. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள். நான் ஓய்வில் இருக்கிறேன் என்று சொன்னால் என் மாமியார் வாய்விட்டுச் சிரிப்பார்.

இருந்தாலும் அந்த வரி எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி மிகச் சிறியது. தோட்டங்களிலிருந்தும் டவுனிலிருந்தும் வரும் பெண்களுக்கு இரண்டு வருடத்தில் சிறுபிள்ளைப் பராமரிப்பில் டிப்ளோமா கொடுப்பது. நான் கந்தோரில் பயிற்சி கிளார்க்காகச் சேர்ந்தபோது என்னிடம் தந்தது ஒரு தட்டச்சு இயந்திரமும் அந்தக் கைநூலும்தான். இரண்டு வாரத்தில் முப்பத்தொரு விதிகளும் மனப்பாடம். ஆறாம் விதி, நனைந்த குடையை வகுப்பறை ஜன்னலில் காயப்போடக் கூடாது. ஒன்பதாம் விதி, கல்லூரி முகவரிக்குத் தனிப்பட்ட கடிதங்களை வரவழைக்கக் கூடாது. ஒன்பதாம் விதியை ஒருவரும் மதித்ததில்லை. தபால்காரர் கூடச் சிரித்துக்கொண்டுதான் தருவார்.

பதிவாளர் ஜமால்தீன் சேர். மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தம்பிமார் எல்லாரும் மிளகு, கராம்பு வியாபாரம். இவர் மட்டும் கந்தோர்க் கோவைகளோடு கிடந்தார். பென்சிலைச் சீவினால் சீவல் உடையாமல் ஒரே சுருளாக வர வேண்டும். உடைந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறொரு பென்சிலை எடுப்பார். மாணவர்களை விசாரிப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. வந்த பிள்ளை முதலில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு யாரும் பதில் சொல்லக் கூடாது. பிறகு ஒரு பிளேன்டீ, உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி. அது கரைகிற வரைக்கும் பேச்சு மழையைப் பற்றித்தான். அப்புறம் நான் சம்பந்தப்பட்ட விதியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவருடைய முதல் கேள்வி எப்போதும் ‘எப்படி’ என்றுதான் தொடங்கும். ‘ஏன்’ என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டால் பிள்ளைகள் அழத் தொடங்கிவிடுவார்கள், எப்படி என்று கேட்டால் விவரம் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு. சொன்னதைப் பிள்ளையே தன் கையால் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வைக்க வேண்டும். முடிவு மட்டும் அன்றைக்கு வராது. அடுத்த நாள்தான்.

ஒரு தடவை ஒரு மாணவி, குழந்தை வளர்ச்சிப் படிகள் முழுவதையும் பஸ் சீசன் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் எழுதிக்கொண்டு பரீட்சைக்கு வந்து பிடிபட்டாள். சேர் அந்த டிக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இதில் எப்படி இவ்வளவையும் அடக்கினீர்கள், என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். அவள் தவழுவதிலிருந்து பல் விழுவது வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னாள். சேர் டிக்கெட்டைத் திருப்பி ஒப்பிட்டுப் பார்த்தார். அவள் சொன்னதில் இரண்டு விஷயம் கூடுதலாக இருந்தது. “மத்தத் தடவையும் இப்படியே எழுதுங்க மகள். எழுதிட்டு வீட்டுல வச்சிட்டு வாங்க” என்றார். ஆனாலும் அந்தப் பாடம் ரத்துதான். ஆறு மாதம் கழித்துத் திரும்ப எழுதினாள். இதில் அவர் ஒரு நூல் கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

இனி என் விஷயம். அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிதான்.

என் மூத்தவளுக்கு அப்போது எட்டு மாதம். நாங்கள் அலுவிகாரையில் இருந்தோம். அங்கிருந்து கல்லூரிக்கு பஸ்ஸில் பத்து நிமிடம்கூட இல்லை. ஆனால் வழியில் சோதனைச் சாவடி இருந்தது. இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து, திரும்ப ஏற வேண்டும். நடந்து போயிருக்கலாமே என்பீர்கள். நடந்தாலும் அதே சாவடிதான். இதற்கு மேல், நான் செருப்பைப் போட்டதும் என் மகளுக்குப் பசிக்கும். பால் போதுமா, போதாதா என்று அந்த எட்டு மாதமும் நான் தராசு இல்லாமலே நிறுத்துக்கொண்டிருந்தேன். அவள் அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று பயம்.

கந்தோரில் ஊழியர் வரவுப் புத்தகம் இருந்தது. எட்டரை மணிக்கு ஜமால்தீன் சேர் அடிமட்டம் வைத்து ஒரு சிவப்புக் கோடு போடுவார். கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்தவர் நேரத்துக்கு வந்தவர், கீழே வைத்தவர் பிந்தியவர். மூன்று பிந்தலுக்கு அரை நாள் லீவு போகும். என்னோடு இருந்த தட்டச்சாளர் ஸ்ரீயானி நல்ல மனசுக்காரி. முதல் தடவை நான் மூச்சிரைக்க ஓடி வந்தபோது, “அனே ரெஜினா, ஓடாதே. உன் பேரை நான் போட்டாச்சு” என்றாள். என்னுடைய கையெழுத்தை அவள் என்னைவிட அழகாகப் போடுவாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கோடு விழுந்துவிட்டது. அதையும் சேர்த்துப் பதினொரு நாள் அப்படி நடந்தது. பதினொன்று என்று திட்டமாகத் தெரியும், ஒவ்வொரு ஞாயிறு பூசையிலும் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இந்த நிலைமையில்தான் செல்வமலரின் கொப்பி என் மேசைக்கு வந்தது.

செல்வமலர் இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் உள்ள ஒரு தோட்டத்துப் பெண். இரண்டாம் வருடம். எங்கள் மாணவிகள் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டு வாரம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அதை அவதானித்து, வாரம் ஒரு பதிவு எழுத வேண்டும். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ‘இது முழுவதும் நானே எழுதியது’ என்ற வரியின் கீழ் கையெழுத்து வைக்க வேண்டும். அதைச் சரிபார்த்து, முத்திரை குத்தி, கண்டியிலிருக்கும் வெளிப் பரீட்சகருக்கு அனுப்புவது என் வேலை.

செல்வமலரின் கொப்பியில் முதல் ஆறு வாரம் அவளுடைய உருண்டை எழுத்து. ஏழாம் வாரம் சாய்ந்த எழுத்து. எட்டாம் வாரம் பச்சை மை. ஒன்பதில் ஒருத்தி, பத்தில் ஒருத்தி, பிறகு மறுபடியும் சாய்ந்த எழுத்தும் பச்சை மையும். மொத்தம் ஐந்து கை. கடைசியில் ‘இது முழுவதும் நானே எழுதியது’, செல்வமலரின் கையெழுத்து.

பத்தொன்பதாம் விதிப்படி டிப்ளோமா ஒரு வருடம் நிறுத்தப்படும். சாதாரண நேரத்தில் ஒரு வருடம் பெரிய விஷயமில்லை. ஆனால் அவள் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான ஆயா பங்குனியோடு விலகுகிறார். தோட்டத்துப் பிள்ளை ஒன்றிடம் டிப்ளோமா இருந்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார். அந்த உத்தியோகம் கிடைத்தால் அவள் வீட்டில் கூடை தூக்காத முதல் ஆள் அவள்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தத் தோட்டத்துக் கடிதத்தைக் கோவையில் போட்டவளே நான்.

கொப்பியை மேசை லாச்சிக்குள் வைத்தேன். எடுத்தேன். வைத்தேன். முத்திரை குத்தி அனுப்பிவிடலாமா? பரீட்சகர் பச்சை மையைக் காணாமல் இருப்பாரா? கண்டால் கல்லூரிக்கே கெட்ட பெயர். அதைவிட, கோட்டுக்கு மேலே பொய்க் கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கும் நான் இதைப் பிடிக்கலாமா? மூன்றாம் நாள் ஜமால்தீன் சேர் பென்சில் சீவிக்கொண்டே, அந்த லாச்சியில் என்ன பாம்பா இருக்கிறது என்று கேட்டார். கொப்பியை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். சீவல் உடைந்தது.

செல்வமலர் காலை பஸ்ஸில் வந்தாள், இரண்டரை மாதக் குழந்தையோடு. வெளியே வாங்குப் பலகையில் அவளுடைய நான்கு தோழிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. பிளேன்டீ வந்தது, கருப்பட்டி வந்தது. மழையைப் பற்றிப் பேசினோம். நான் விதியை வாசித்தேன். ‘பிறர் கையால் செய்ததைத் தன் கையால் செய்ததாக ஒப்பமிடுபவர்’ என்ற இடத்தில் எனக்கு வரி தவறிவிட்டது. இருமி மறைத்தேன்.

எப்படி எழுதினீர்கள் என்று சேர் கேட்டார்.

அவள் ஒளிக்கவே இல்லை. பிள்ளை பிறந்து ஆறு வாரம் வெளியே வர முடியவில்லை, தோழிகள் ஆள் மாறி ஆள் அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து, அவள் தேர்ந்தெடுத்த அதே குழந்தையைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள் என்று, யார் எந்த வாரம் என்பது வரைக்கும் சொன்னாள். ஏழாம் வாரமும் பதினோராம் வாரமும் நிஷா. பச்சை மை பார்வதி.

“களவா செய்யிறதுன்னா ஒரே பேனையில எழுதியிருப்போமே சேர்” என்றாள்.

சேர் என்னைப் பார்த்தார். நான் பத்தொன்பதாம் விதியை மறுபடி மேலிருந்து கீழ் வரை பார்த்தேன்; பேனையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

அப்புறம் அவளே சொன்னாள். “மலையில பால் குடுக்கப் போற புள்ளயோட கூடைக்கு, அந்த நெரையில நிக்கிறவங்க ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து போடுவாங்க. இல்லாட்டி நிறுக்கயில கொறஞ்சு அரைப் பேரு, அரை நாள் சம்பளந்தான் விழும். எங்கம்மாவுக்குப் போட்டிருக்காங்க, எங்கம்மா மத்தவங்களுக்குப் போட்டிருக்கு. கங்காணி பாத்தாலும் அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு. அதே மாதிரிதாங்க நெனச்சோம்.”

“கூடையில யாரு பிடின்னு தராசு கேக்காது மகள். இந்தக் கொப்பி கேக்குதே” என்றார் சேர். “இது நீங்க ஒரு புள்ளய எப்படிப் பாக்குறீங்கன்னு கேக்குற கொப்பி.”

“அப்ப நிஷா பாத்தது பொய்யா சேர்? அந்தப் புள்ள மொத மொத எழும்பி நின்னத அவதான் பாத்தா. நான் பாக்கல. அத எழுதாம விட்டா அந்தப் புள்ள எழும்பி நிக்காமலே நடந்த மாதிரி ஆயிடுமே.”

ஜமால்தீன் சேர் ஆறிப்போன தேநீரைக் கலக்கினார். அதில் சீனியே இல்லை. முடிவு நாளைக்கு என்று சொல்லி அனுப்பினார். வாங்கிலிருந்த நால்வரும் எழும்பிப் பிள்ளையைக் கைமாற்றி வாங்கிக்கொண்டு போனார்கள்.

கதவு சாத்தியதும் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. பதினொரு நாளையும் சொன்னேன். ஸ்ரீயானியின் பெயரைச் சொல்லாமல் சொல்லப் பார்த்தேன். கந்தோரில் மொத்தம் மூன்று பேர் என்பதால் அது சரிவரவில்லை.

சேர் வரவுப் புத்தகத்தை எடுத்துத் திறந்தார். அந்தப் பதினொரு கையெழுத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. முதல் நாளிலிருந்தே.

“தெரிஞ்சுமா சேர் கேக்கல?”

“கேட்டிருந்தா நீங்க ஒரு பொய் சொல்லியிருப்பீங்க. அப்புறம் அதையும் நான் எழுதி வைக்கணும்.” பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “ஊழியர் விதி இருபத்திரண்டு என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

மனப்பாடமாக ஒப்பித்தேன். பாலூட்டும் தாய்மாருக்கு ஒரு வருடம் வரை நாளுக்கு ஒரு மணி நேரம் சலுகை, எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நானே தட்டச்சு செய்த விதி. இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். அந்தத் தாய் நான்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“விண்ணப்பம் எழுதுங்க. அதுக்கு முந்தி இதையும் சரி பண்ணுங்க” என்று சிவப்புப் பேனையை என் பக்கம் தள்ளினார். பதினொரு கையெழுத்தையும் வெட்டி, கோட்டுக்குக் கீழே என் கையால் உண்மையான நேரத்தையும் காரணத்தையும் எழுதினேன். ‘சாவடி.’ ‘பிள்ளைக்குக் காய்ச்சல்.’ ‘பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நினைத்தேன், இல்லை.’ மூன்று அரை நாள் லீவு போனது. ஸ்ரீயானி இரண்டு நாள் கோபமாக இருந்தாள். உனக்கு இனி ஒரு உதவியும் செய்ய மாட்டேன் என்று சிங்களத்திலும் தமிழிலும் சொன்னாள். மூன்றாம் நாள் காலையில் என் மேசையில் அவள் வைத்த தேநீர் இருந்தது.

அந்தப் பேனையைப் பிடித்துக்கொண்டு எழுதும்போதுதான் எனக்கு யோசனை வந்தது. செல்வமலரின் கொப்பியையும் இப்படியே செய்தால் என்ன? தோழிகளின் ஆறு பதிவும் இருக்கட்டும், ஒவ்வொன்றிலும் எழுதியவள் பெயர் இருக்கட்டும், அவற்றுக்குப் பரீட்சைப் புள்ளி வேண்டாம். அவள் இன்னும் ஆறு வாரம் தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் எழுதட்டும். சொல்லிவிட்டு, அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று பயந்தேன். சேர் ஒரு புதுப் பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். சுருள் நீளமாக இறங்கியது.

முடிவு அப்படித்தான் வந்தது. விசேட சித்தி கிடைக்காது, சாதாரணத் தேர்ச்சிதான். மாசி மாத இரண்டாம் பட்டியலில்தான் பெயர். தோட்டத்துக்குச் சேர் கடிதம் எழுதினார். பெறுபேறு மாசியில் வரும் என்று மட்டும் எழுதினார். சிபாரிசாக இன்னும் ஒரு வரி சேர்க்கலாமே என்று கேட்டேன். கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டுவிட்டார். துரை மாசி வரைக்கும் காத்திருப்பாரா என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஆறு வெள்ளிக்கிழமை செல்வமலர் வந்தாள். அந்த வாரம் பார்த்ததை என் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ஜமால்தீன் சேர் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் நேரம், கந்தோர் எங்களுக்குத்தான். அவள் எழுதும்போது குழந்தையை யார் வைத்திருப்பது? நான்தான். முதல் வெள்ளி அந்தப் பிள்ளை வீரிட்டு அழுதபோது, அலுவிகாரையில் என் மகள் மாமியாரிடம் புட்டிப் பால் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இங்கே என் சட்டை பாலில் நனைந்துவிட்டது. செல்வமலர் பார்த்தாள். தன் சால்வையை எடுத்து என் தோளில் போட்டுவிட்டுத் திரும்ப எழுதத் தொடங்கினாள்.

இரண்டாம் வெள்ளி எனக்கு வழக்கமான சந்தேகம் வந்துவிட்டது. நான் பிள்ளையை வைத்திருப்பதும் பிறர் உதவிதானே? அதனால் கொப்பி திரும்பவும் செல்லாமல் போகுமா? தொழுகை முடிந்து வந்த சேரிடம் கேட்டேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அதையும் கடைசிப் பக்கத்துல எழுதச் சொல்லுங்க” என்றார்.

ஆறாம் வெள்ளி கொப்பி முடிந்தது. ‘இது முழுவதும் நானே எழுதியது’ என்ற அச்சு வரியில் ‘முழுவதும்’ என்பதை அவள் ஒரே கோட்டால் வெட்டியிருந்தாள். அதன் கீழே, ஏழாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை யார் யார் எழுதியது என்று வரிசையாகப் பெயர்கள். அதற்கும் கீழே: ‘மிச்ச ஆறு வாரம் எழுதும்போது என் மகளை வைத்திருந்தவர் ரெஜினா மிஸ். ஆறு வெள்ளி.’

முத்திரையைக் குத்தும்போது அது கொஞ்சம் கோணலாக விழுந்தது. கண்டியிலிருந்து கொப்பி திரும்பி வந்தபோது, பரீட்சகர் அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் எல்லாம் சரி போட்டிருந்தார், என் பெயர் உட்பட. என் வாழ்க்கையில் ஒரு பரீட்சையும் எழுதாமல் எனக்குக் கிடைத்த சரி அது ஒன்றுதான்.

துரை காத்திருந்தார். செல்வமலர் சித்திரையில் பிள்ளைக் காம்பராவைப் பொறுப்பேற்றாள். அங்கே சுவரில் ஒரு கொப்பி தொங்குகிறதாம். எந்தப் பிள்ளையை யார் எப்போது தூக்கினார்கள், யார் பால் கொடுத்தார்கள் என்று எழுதுவதற்கு. நிஷா சொன்னாள்.

அந்த வருடம் கைநூலைத் திருத்தும்போது பத்தொன்பதாம் விதிக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லிச் சேர் என்னிடம் தந்தார். முதல் பாதியை அவர் சொன்னார். இரண்டாம் பாதியை நானாகத் தட்டச்சு செய்தேன். அதிகப்பிரசங்கித்தனமோ என்று இரண்டு தடவை அழித்தேன். மூன்றாவது தடவை அவர் தாளை இயந்திரத்திலிருந்து உருவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே கவிதா, பக்கம் குறைய வேண்டுமென்றால் ஒன்பதாம் விதியை எடுத்துவிடு. அந்த வரியை விட்டுவை.

இந்தக் கட்டுரையை நானே எழுதினேன். எழுதும்போது சின்னவனை வைத்திருந்தவர் என் மாமியார், மூன்று பின்னேரம். ஊழியர் விதியின் எண் இருபத்திரண்டுதான் என்று நினைவுபடுத்தியவள் ஸ்ரீயானி. கடைசிப் பந்தியை எழுதும்போது அவன் மேசைமேல் ஏறிவிட்டதால், அங்கே இருக்கும் மைக் கீறல் அவனுடையது.